என் தலை உற்சவப் பறம்பு அல்ல

என் குரல் தகரம் என்று ஒருத்தி சொன்னாள். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வாய்ஸ் கொஞ்சம் டின் மாதிரி வருது. ச, ஸ வர்ற எடமெல்லாம் காதுல குத்துது." இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? குரலை வைத்துப் பிழைக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் போனில் நான், "பரவால்ல மேடம், மறுபடியும் வாசிச்சு அனுப்புறேன்" என்று தேனாகப் பேசினேன். போனை வைத்த பிறகு அவளைச் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அடுப்படியில் இருந்த மாமியார் எட்டிப் பார்த்து, "ஆரையாக்கும் இந்த ஏச்சு ஏசுதே?" என்று கேட்டாள்.

நான் புத்தகம் வாசிக்கிறவள். காதால் கேட்கிற புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன அல்லவா, அவற்றுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில் பஸ்ஸில் ஏறினால் மலையாளம், வீட்டுக்குள் நுழைந்தால் தமிழ், மீன்காரி எந்தப் பாஷையில் ஆரம்பிக்கிறாளோ அதில் பேரம். இப்படிப்பட்ட இடத்திலிருந்து தமிழ்ப் புத்தகம் வாசிக்க ஒருத்தி வருகிறாள் என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். வரட்டும். 'வாழைப்பழம்' என்று ஒரு தடவை என்னைச் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் சொல்லட்டும், பார்ப்போம். ழகரத்தில் எனக்கு எந்த பயமும் கிடையாது. இரண்டு பாஷையிலும் அதை உருட்டிப் பழகிய நாக்கு இது.

அதுவரை நான் வாசித்ததெல்லாம் சின்னச் சின்னச் சமாச்சாரங்கள். குழந்தைக் கதைகள், சமையல் குறிப்பு, வார பலன். வார பலன் வாசித்து வாசித்து, எந்த ராசிக்காரரைப் பார்த்தாலும் "வீண் அலைச்சல்" என்று சொல்ல வாய் வரும். அப்போதுதான் இந்த நாவல் வந்தது. தலையணை தடிமன். தெற்கே நடக்கிற கதை, முழுக்க ஒரு பெண் சொல்கிற கதை. அதற்குத் தெற்கத்திக் குரல் வேண்டும் என்று அந்த ஏ.சி. அறைக்காரியின் கம்பெனி தேடியது. மாதிரிக்கு ஒரு பகுதி வாசித்து அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பகுதியை வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது: இது என் நாவல். எழுதினது யாராக இருந்தாலும் சரி, சொல்ல வேண்டியவள் நான்தான். இதை வேறொருத்தி வாசித்து நான் கேட்கிற நிலைமை வரக்கூடாது.

அந்த மாதிரிக்குத்தான் தகரம் என்று பெயர் கிடைத்தது.

என் வேலை இடத்தைச் சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் ஒரு பெரிய மர அலமாரி. கதவைத் திறந்து, சேலைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு வாசிப்பேன். துணிகள் எதிரொலியைத் தின்றுவிடும். மத்தியானச் சோறு முடிந்து ஊரே கொஞ்சம் கண் அசருகிற நேரம்தான் பதிவு. பிறகு அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுத் திருத்துவேன்.

அந்த ஹெட்ஃபோன் என் வீட்டுக்காரர் தந்தது. அவருக்கு மைக் செட் தொழில். பெருங்கடவிளை முதல் கள்ளிக்காடு வரைக்கும் கோயில் உற்சவம், கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் முழங்கும். காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் அது. வாங்கிவந்த அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஒரு ஈக்வலைசரையும் ஏற்றித் தந்தார். கேட்கிற சத்தத்தை அடித்தொண்டையிலிருந்து கீச்சுக்குரல் வரை துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு நெம்புகோல் வைத்திருக்கும் சமாச்சாரம். ஏற்றினால் அந்தத் துண்டு கூடும், இறக்கினால் குறையும். அவர் இடது பக்கத்து நெம்புகோல்களை மேலே தள்ளினார். வலது பக்கத்தையும் மேலே தள்ளினார். நடுவிலிருந்ததை இறக்கினார். ஒரு பாட்டைப் போட்டு என் தலையில் மாட்டிவிட்டு, "எப்படி? இதாக்கும் சவுண்டு!" என்றார். மண்டைக்குள் செண்டை மேளம் இறங்கிய மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. உற்சவத்துக்கு ஸ்பீக்கர் கட்டியதும் கமிட்டிக்காரர்கள் பறம்பின் நடுவில், அந்தத் திறந்த மைதானத்தில், வந்து நிற்பார்கள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். பேஸ் என்கிற அடிச்சத்தம் வந்து கையில் தட்டினால் தலையாட்டுவார்கள். தட்டவில்லை என்றால் அடுத்த வருசம் வேறு மைக் செட். பாட்டு வரிகள் புரிகிறதா என்பதெல்லாம் அங்கே யாருக்கும் கவலை இல்லை. வீட்டுக்காரர் இத்தனை காலமாக ஒரு கமிட்டியையும் இழக்காதவர். அந்தக் கையால் எனக்கும் நெம்புகோல் தள்ளித் தந்தார்.

இப்போது என்ன நடந்தது பாருங்கள். என் குரல் இயல்பிலேயே கனத்த குரல். அது அந்த ஹெட்ஃபோன் வழியாக வரும்போது அண்டாவுக்குள் தலைவிட்டுப் பேசுவது போல உருண்டது. "சீ, இப்படியா கேட்கும்" என்று நான் பதிவில் கீழ்ச் சத்தத்தை வெட்டுவேன். அந்த உருளலில் மேல் சத்தம் மூடிக் கிடந்ததால், தெளிவு வேண்டுமென்று அதைக் கூட்டுவேன். என் காதுக்கு அப்போது அழகாக இருக்கும். அந்த வெட்டிய குரலைத்தான் சென்னைக்கு அனுப்பினேன். அங்கே அவர்களிடம் பேஸ் ஏற்றிய ஹெட்ஃபோன் இல்லையே. எலும்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இந்தக் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரியாது. தொண்டையில்தான் கோளாறு என்று நினைத்தேன். மாமியார் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சித் தந்தாள். "குடி மக்கா, தொண்ட கிண்ணுனு ஆவும்." குடித்தேன். நாக்கு வெந்தது. வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை.

"தகரமா? அப்பம் பேஸு பத்தல்ல. அவ்வளவுதான் காரியம்."

சொல்லிவிட்டுப் போய் நெம்புகோல்களை இன்னும் ஏற்றினார். எதில்? என் பதிவில் அல்ல, என் ஹெட்ஃபோனில். இங்கேதான் சங்கதி. இந்த வேலையில் ஈக்வலைசர் இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று பதிவான குரலையே மாற்றும். அது சென்னைக்குப் போகும். இன்னொன்று என் காதுக்கு வருவதை மட்டும் மாற்றும். அது என் அறையைத் தாண்டாது. அவர் ஏற்றியது இரண்டாவதை. என் காதில் அண்டா இன்னும் பெரிதாயிற்று. நான் பதிவை இன்னும் வெட்டினேன். இரண்டாவது மாதிரி போயிற்று.

இந்தத் தடவை அந்த அம்மாள் தயங்கித் தயங்கிப் பேசினாள். "மேடம், போன தடவையவிட ஷார்ப்பா இருக்கு. உங்க வாசிப்பு ரொம்ப நல்லாயிருக்கு, உணர்ச்சியெல்லாம் பிரமாதம். ஆனா அந்தக் குரல்ல மணிக்கணக்கா கேட்க முடியாதுன்னு எங்க டீம்ல ஃபீல் பண்றாங்க. ஒண்ணு பண்ணலாமா? வேற ஒருத்தரை வாசிக்க வைக்கிறோம். அந்தத் தெற்கத்திப் பேச்செல்லாம் சரியா வருதான்னு நீங்க கேட்டுத் திருத்திக் குடுங்க."

வேறொருத்தி வாசிப்பாளாம். நான் கேட்டுத் திருத்த வேண்டுமாம். அடுப்பில் இருந்ததை இறக்கக்கூட மறந்து நின்றேன். பிறகு சொன்னேன்: "மேடம், ஒரே ஒரு தடவை இன்னும் தாங்க. அதுவும் சரியில்லன்னா நானே ஒதுங்கிக்கிறேன். திருத்துற வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." வீம்புதான். திருத்துகிற வேலையையாவது கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அப்படி வராது. அவள் சரி என்றாள், அடுத்த வாரத்துக்குள் கடைசி மாதிரி வர வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் மாமியார் சுக்கோடு வந்தாள், திருப்பி அனுப்பினேன். அந்தக் கம்பெனியின் நட்சத்திரக் குரல் ஒன்று உண்டு; நிறையப் புத்தகங்கள் அவர்தான் வாசித்திருக்கிறார். அவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவர் வாசித்த புத்தகம் ஒன்றைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், குற்றம் கண்டுபிடிக்கத்தான் போட்டேன்.

கண்டுபிடித்தேன். அவரும் அண்டாவுக்குள் இருந்தார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. "ஓஹோ, பெரிய ஆளு, நீரும் நம்ம கூட்டம்தானா" என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு சிரிப்பு நின்றது. இவர் குரலை ஊரெல்லாம் கேட்டுப் புகழ்கிறார்கள். அதில் அண்டா எங்கிருந்து வந்தது? ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு மொபைலிலேயே அதே இடத்தைக் கேட்டேன். சுத்தமான குரல். மறுபடி ஹெட்ஃபோன். அண்டா. மறுபடி மொபைல். சுத்தம்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. என் தொண்டையில் ஒரு கேடும் இல்லை! இத்தனை நாள் சுக்கு குடித்தது, கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்தது, குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல் கிடந்தது எல்லாம் சும்மா. கெட்டுப்போய்க் கிடந்தது நான் கேட்கிற வழி. அதைச் சரி என்று நம்பி, சரியாக இருந்த குரலை நானே சீவிச் சீவி எறிந்திருக்கிறேன். சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. கோபத்துக்கு ஆள் இருந்ததால் கோபத்தையே எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எனக்க ஹெட்ஃபோனுல என்ன செய்து வெச்சிருக்கிய?"

"என்ன செய்து வெச்சிருக்கேன்? நல்ல சவுண்டு செட் பண்ணித் தந்திருக்கேன்."

"அந்தப் பேஸ எல்லாம் எதுக்காக்கும் ஏத்தினிய?"

"எட்டி, தொறந்த எடத்துல பேஸு காத்துல போவும். ஏத்தலேண்ணா கடேசீல நிக்கவனுக்கு ஒண்ணும் கேக்காது. அது ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"ஹெட்ஃபோனுல கடேசீல நிக்கது ஆரு? ஸ்பீக்கரு எனக்க காதுல ஒட்டியாக்கும் இருக்கு! காத்து எங்கேருந்து வரும்? எனக்க தலை என்ன, உற்சவப் பறம்பா?"

ஒயர் சுருட்டுவது நின்றது. ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் ஆம்பிளை, அதுவும் மைக் செட்காரர். "நீ எனக்கு சவுண்டு படிப்பிச்சுத் தருதியா? செரி, செரி, நீயே செய்துக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்துகொண்டேன்.

எல்லா நெம்புகோலையும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். பாதி அண்டா போயிற்று. மீதி பாதி போகவில்லை. அந்த ஹெட்ஃபோனே பாட்டுக் கேட்கிறவர்களுக்காகப் பேஸ் கூட்டிச் செய்யப்பட்ட சாதனம் என்று அப்போது புரிந்தது. இணையத்தில் தேடிப் படித்தேன். கீழே உறுமலில் தொடங்கி மேலே விசில் வரைக்கும் ஒரே சீராக ஏறுகிற ஓர் ஒலி கிடைக்கிறது. அதைப் போட்டுக் கேட்க வேண்டும். சத்தத்தின் அளவு மாறாமல்தான் அது ஏறிப்போகிறது. ஆனால் கேட்கும்போது சில இடத்தில் வீங்கும், சில இடத்தில் அமுங்கும், ஒரு இடத்தில் ஊசியாகக் குத்தும். அது ஹெட்ஃபோனின் குணம், கொஞ்சம் நம் காதின் குணமும் உண்டு. எந்த இடம் என்று பார்த்து அந்த நெம்புகோலைத் தொட வேண்டும்.

நானும் இந்த ஊர்க்காரிதானே. அமுங்கின இடத்தையெல்லாம் ஏற்ற ஆரம்பித்தேன். ஏற்ற ஏற்ற இன்னொன்று குறைவாகத் தெரியும், அதையும் ஏற்றுவேன். கடைசியில் எல்லாமே மேலே போய் உட்கார்ந்துகொண்டு, குரல் கிழிந்து கரகரத்தது. பிறகுதான் படித்ததை ஒழுங்காக மறுபடி படித்தேன்: கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது. அமுங்கினதைத் தூக்காதே, வீங்கினதை வற்றவை. எங்கேயாவது ஏற்றியே தீர வேண்டுமென்றால், மொத்தச் சத்தத்தை அந்த அளவுக்கு முதலில் இறக்கு. எங்கள் பக்கத்தில் ஒலியைக் குறைக்கச் சொல்லி நான் கேள்விப்பட்டது பரீட்சைக் காலத்தில் மட்டும்தான். அதையும் யாரும் மதித்ததில்லை.

வீங்கினதை வற்றவைத்தேன். கீழே இரண்டு நெம்புகோல் நன்றாக இறங்கின. ச, ஸ குத்துகிற இடத்தில் ஒன்று கொஞ்சம் இறங்கியது. ஆனால் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? விசில் சத்தத்தை வைத்து மனிதக் குரலை அளக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கு ஒரு மனிதக் குரல் வேண்டும், அது என் எதிரிலும் இருக்க வேண்டும், என் காதுக்குள்ளும் இருக்க வேண்டும். இதை எந்த இணையமும் எனக்குச் சொல்லவில்லை, நானே யோசித்தது.

மாமியாரைக் கூப்பிட்டேன். முறமும் உரிக்கிற பலாச் சக்கைக்கொட்டையுமாக வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். "சும்மா என்னவாவது சொல்லுங்க மாமி" என்று மைக்கை நீட்டினேன். சொல்வதற்கா அவளுக்குப் பஞ்சம்? அடுத்த வீட்டுச் சேவல் அவள் பாத்தி கட்டி வைத்த இஞ்சித் தடத்தைக் கிளறின கதையைச் சொன்னாள். பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் அதைக் கேட்டேன். கழற்றினேன். "மாமி, அதையே இன்னொருக்கா சொல்லுங்க." சொன்னாள். மாட்டினேன், கேட்டேன், ஒரு நெம்புகோலை இறக்கினேன், கழற்றினேன். "இன்னொருக்கா."

"ஒனக்கு என்ன மக்கா, காது கேக்கலியா? நான் தெளிவாத்தானே சொல்லுதேன்?"

"கேக்குது மாமி. சொல்லுங்க."

ஒவ்வொரு தடவையும் சேவல் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு தடத்தைத்தான் கிளறியது. பிறகு மஞ்சளையும் கிளறியது. அப்புறம் தடுக்கப்போனவளைக் கொத்த வந்தது. நான் அவள் சொன்ன கதையைக் கேட்கவில்லை, அவள் குரலை மட்டும் கேட்டேன். அவள் பேசும்போது தொண்டைக்கு அடியில் ஒரு கரகரப்பு உண்டு. சொல்லின் முடிவில் மூக்குக்குள் ஒரு சின்ன இழுப்பு உண்டு. அது அறையில் இருந்தது. காதுக்குள் இல்லை. நெம்புகோல். இப்போது கொஞ்சம் இருந்தது. இன்னும் ஒரு நெம்புகோல்.

பிறகு ஒரு தடவை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். குரல் அசையவே இல்லை. அறையில் எங்கே உட்கார்ந்து எப்படிப் பேசினாளோ அப்படியே காதுக்குள்ளும் உட்கார்ந்து பேசினாள் என் மாமியார். அந்த இழுப்பு, அந்தக் கரகரப்பு, சக்கைக்கொட்டையின் தோல் உரிகிற சத்தம்கூட. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எந்தா மோளே, கரையுந்நோ?" என்றாள். அழுகிறேனா என்று பதறிவிட்டாள்; பதறினால் அவளுக்கு மலையாளம் வந்துவிடும்.

"இல்ல மாமி. ஒங்க கொரலு கேக்குது."

"இத்தன வருசமும் கேக்கலியா?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அவளுக்குக் கோபம். சேவல் கதைக்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை அல்லவா.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, முதல் மாதிரிக்காக வாசித்த பதிவைத் திறந்தேன். சீவாத பதிவு, மைக்கில் விழுந்தபடியே கிடந்தது. போட்டேன். அதுவரை என் குரலை நான் கேட்டதே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கனம் இருந்தது, அண்டா இல்லை. சகரம் சகரமாக இருந்தது. ஒரு வாக்கியத்தின் முடிவில் மூச்சு மெல்ல இறங்குவதுகூடக் கேட்டது. அந்த நாவலில் பேசுகிற பெண் என் எதிரில் உட்கார்ந்து பேசினாள், பேசியது நான்தான். அடி பாவி, இதையா நீ வெட்டி எறிந்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நல்ல குரல். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ரொம்ப நல்ல குரல்.

மறுநாள் மத்தியானம் சோறு ஆனதும் அலமாரிக்குள் தலையை விட்டு, அந்தப் பகுதியைப் புதிதாக வாசித்தேன். இந்தத் தடவை தொண்டையை இறுக்கவில்லை. நன்றாக வரவேண்டுமே என்று குரலை மேலே தூக்கிப் பிடிக்கவில்லை. வீட்டில் பேசுகிற உயரத்தில் வைத்துச் சொன்னேன். ஹெட்ஃபோனில் கேட்டேன். இரண்டு இடத்தில் மூச்சு பலமாக விழுந்திருந்தது, அதைத் தணித்தேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை. அனுப்பினேன்.

அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை ஊறவைத்துவிட்டுத் துவைக்க மறந்தேன். வீட்டுக்காரர் "அனுப்பியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். பறம்புப் பேச்சு இன்னும் இரண்டு பேருக்கும் ஆறவில்லை. இதுவும் திரும்பி வந்தால் என் நாவல் போயிற்று. யாரோ ஒருத்தி வந்து 'வாளைப்பளம்' என்று வாசிப்பாள், ஊரே கேட்கும்.

அந்த அம்மாள் கூப்பிட்டது ஒரு காலை நேரம். தோசைக்கல்லில் மாவு ஊற்றியிருந்தேன்.

"மேடம், மைக் மாத்திட்டீங்களா?"

"இல்லையே."

"அப்போ ஸ்டுடியோ போனீங்களா?"

"எங்க வீட்டு அலமாரிதான் மேடம். அதே சேலைங்கதான்."

"அப்புறம் எப்படி? இது வேற குரல் மாதிரி இருக்கே."

"வேற குரல் இல்ல மேடம், இதுதான் என் குரல். இதுக்கு முன்னாடி அனுப்பினதுதான் வேற. என் ஹெட்ஃபோனைச் சரி பண்ணினேன்."

"ஹெட்ஃபோனா? அதுக்கும் ரெக்கார்டிங்குக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

அப்படிக் கேட்டாளா! தோசை கருகினாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து விளக்கினேன். அண்டா, நெம்புகோல், உறுமலில் தொடங்கி விசில் வரை போகும் ஒலி, வீங்கினதை வற்றவைப்பது, மாமியார், சேவல், எல்லாம். நடுவில் அவள் "ஒரு நிமிஷம், ஸ்பீக்கர்ல போடுறேன், எங்க சவுண்ட் இன்ஜினீயரும் கேக்கட்டும்" என்றாள். அவரும் கேட்டார். "எதிர்ல ஆளை உட்கார வச்சு ஒப்பிட்டுப் பாத்தீங்களா? நல்ல வேலை" என்றார். கடைசியில் அந்த அம்மாள் சொன்னாள்: "நாவலை நீங்களே வாசிங்க மேடம். முழுசா. இனிமே யாரையும் தேட மாட்டோம்."

தோசை கரிக்கட்டையாகிவிட்டது. மாமியாரைக் கட்டிப்பிடித்தேன். அவளுக்குக் காரியம் புரியவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பெருங்கடவிளைப் பக்கத்தில் ஒரு கோயிலில் கொடியேற்றம், விடியும் முன்னே ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். சென்னைக்கு அனுப்பிய கடைசி மாதிரியை வாட்ஸாப்பில் அவருக்கு அனுப்பி, கீழே "என்னை எடுத்தாச்சு" என்று மட்டும் போட்டேன். வேறு ஒன்றும் எழுத எனக்கு அப்போது மனதில்லை. அவர் பார்த்துவிட்டதாக இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. கல் மாதிரி மனுஷன் என்று ஏசிக்கொண்டே, காய்கறி வாங்குகிற சாக்கில் பெருங்கடவிளைக்குப் பஸ் ஏறினேன்.

கோயில் முக்கில் இறங்கி ரோட்டைக் கடக்கும்போது என் குரல் கேட்டது.

முதலில் பிரமை என்று நினைத்தேன். இல்லை. ஸ்பீக்கர் சரிபார்க்க வழக்கமாக அவர் போடுகிற பாட்டுக்குப் பதில், பறம்பு முழுக்க நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பந்தல் கட்டுகிறவர்கள் மூங்கிலைப் பிடித்தபடி நின்று கேட்டார்கள். கடலை வண்டிக்காரர் சட்டியில் துழாவுவதை நிறுத்தியிருந்தார். வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவருடைய பெரிய மிக்சர் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பகீர் என்றது. அது கம்பெனிச் சரக்கு! வெளியாகாத புத்தகம்! ஊர்ப் பறம்பில் போடுகிற சாதனமா அது? திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே கிட்டே போனேன்.

கமிட்டிக்காரர் ஒருவர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "இது ஆரு? ரேடியோவா?"

"ரேடியோவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்க வீட்டுக்காரியாக்கும் வாசிக்கா."

"நல்லா உண்டே! நீரு நல்லா செட் பண்ணியிருக்கீரு."

"நான் ஒண்ணுலயும் கைய வெக்கல்ல, கேட்டீரா" என்றார் வீட்டுக்காரர். "எல்லாத்தையும் நடுவுல விட்டுட்டு சும்மா இருக்கேன். அவளுக்க கொரலு அப்படியாக்கும்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கேயே, காலிப் பையோடு, அந்தப் பகுதி முடியும்வரை நின்று கேட்டேன்.